ஹம்மை நிறுத்த எர்த்தைக் கழற்றிய இரவு

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே ஒரு கடலோர ஊர். மாதா கோயில் திருவிழாவின் ஒன்பதாம் நாள் ராத்திரி. சாயங்காலம் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேடையில் விரித்திருந்த கார்ப்பெட்டை மிதித்தால் தண்ணீர் கசியும். ஊர்ப் பிள்ளைகளே சேர்ந்து நடத்திய இசை நிகழ்ச்சி. கிட்டார் வாசித்தவனுக்கு 19 வயது இருக்கும். வெறுங்காலோடு நின்றிருந்தான். மூன்றாவது பாட்டில் கூடச் சேர்ந்து பாடுவதற்காக வலது கையால் மைக்கைப் பிடித்து வாயருகே இழுத்தான். இடது கை கிட்டார் கம்பிமேல்தான் இருந்தது.

அடுத்த நொடி அவன் உடம்பு விறைத்தது. இரண்டு கையும் விடவில்லை. விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் ஆடுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். டிரம்ஸ் வாசித்தவன் எழுந்து அவனைப் பிடிக்கப் போனான். "தொடாதே லேய்!" என்று கத்திக்கொண்டே ஓடி மேடைக்குப் பின்னாலிருந்த போர்டின் மெயினை அணைத்தேன். எல்லாம் இருட்டானது. இருட்டில் அவன் விழுந்த சத்தம் கேட்டது.

பிழைத்துக்கொண்டான். நாகர்கோவிலில் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கையில் ஒரு தீக்காயம், விரல் நுனிகளில் கம்பி பதிந்த கருப்புக் கோடுகள். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டான். இது நடந்தது 2009-இல். அதற்கு முன்பே 12 வருஷமாக நான் இந்தத் தொழிலில் இருந்தேன். இரணியல் பக்கம் எங்கள் சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கரை மாட்டுவண்டியில் ஏற்றிய காலத்து ஆள். அவரிடம்தான் தொழில் படித்தேன்.

அன்றைக்கு அந்தப் பையனுக்கு கரண்ட் அடித்ததற்குக் காரணம் நான்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு சவுண்ட் செக் பண்ணும்போது கிட்டார் ஆம்ப்பிலிருந்து "ம்ம்ம்" என்று ஹம் வந்துகொண்டிருந்தது. பிளக் டாப்பைத் திறந்து, பச்சை ஒயரை, அதாவது எர்த்தைக் கழற்றி, டேப் சுற்றி உள்ளேயே மடக்கி வைத்தேன். ஹம் நின்றது. "அண்ணே, இப்ப சூப்பர்" என்று கட்டைவிரலைக் காட்டியதும் அதே பையன்தான். நான் மட்டுமல்ல, அன்றைக்கு எனக்குத் தெரிந்த எல்லா மைக் செட் ஆட்களும் செய்துகொண்டிருந்த வேலை அது. இன்றைக்கும் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் அந்த ஆம்ப்பைப் பிரித்துப் பார்த்தேன். மெயின் ஒயர் தகரப் பெட்டிக்குள் நுழைகிற ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது எப்போதோ உதிர்ந்துவிட்டது. தகரத்தின் விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்து, உள்ளே சிவப்பு ஒயரின் செம்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சுற்றி உப்புக் காற்றின் பச்சைக் களிம்பு. கரண்ட் வருகிற அந்த ஃபேஸ் ஒயர் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து கிட்டார் கேபிளுக்குள் சுற்றியிருக்கும் உலோக வலையான ஷீல்டு வழியாகக் கம்பி வரைக்கும் அதே ஃபேஸ். எர்த் ஒயர் இருந்திருந்தால் பெட்டியைத் தொட்ட அந்த நிமிஷமே ஃபியூஸ் போயிருக்கும், ஆம்ப் அணைந்திருக்கும், நான் திட்டிக்கொண்டே வேறு ஆம்ப் வைத்திருப்பேன். எர்த்தை நான் எடுத்துவிட்டதால், கரண்ட் பூமிக்குப் போக ஒரு வழிக்காகக் காத்திருந்தது. மைக்கின் உடல் மிக்ஸர் வழியாக எர்த்தில் இருந்தது. நடுவில் அந்தப் பையன் வந்தான். ஒரு கையிலிருந்து மறு கைக்கு, அதாவது நெஞ்சு வழியாக.

"எம்சிபி இருந்துதே, ஏன் விழலை?" என்று கமிட்டிப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழுந்து அணைகிற சுவிட்ச்தான் எம்சிபி; அது ஒயரைக் காப்பாற்றுவதற்கு உள்ளது. 16 ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமென்றால் 16 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். மனுஷனைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். மனுஷனைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்ட், திரும்பி வருகிற ஒயரான நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் 30 மில்லி ஆம்பியர் எங்கேயாவது கசிந்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் அணைத்துவிடும். அந்த வாரமே ஒன்று வாங்கி, மரப்பலகையிலிருந்த என் பழைய போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் புது போர்டு செய்தேன். அன்றிலிருந்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வராத கரண்ட் எதுவும் என் மேடைக்குள் வருவதில்லை.

சரி, ஹம் வந்தால் என்னதான் செய்வது?

முதலில் அது ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டும். கீபோர்டு ஒரு வீட்டு லைனில், மிக்ஸர் இன்னொரு லைனில் என்று இருந்தால் இரண்டு எர்த்தும் ஒரே அளவில் இருக்காது. ஒன்று, ஒன்றரை வோல்ட் வித்தியாசம் போதும். அந்த வித்தியாசம் நம் ஆடியோ கேபிளின் ஷீல்டையே பாலமாக்கிக்கொண்டு ஓடும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த 50-உம் அதன் மடங்குகளும் ஸ்பீக்கர் பாக்ஸில் ஹம்மாகக் கேட்கும். இது சிக்னல் ஒயரில் வந்த சிக்கல். சிக்னல் ஒயரில்தான் தீர்க்க வேண்டும், பவர் ஒயரில் அல்ல.

நான் முதலில் செய்வது, மேடைக்கும் மிக்ஸருக்கும் ஒரே போர்டிலிருந்து பவர் எடுப்பது. மிக்ஸர் 40 மீட்டர் தள்ளி இருந்தாலும் மேடை போர்டிலிருந்தே அதற்கு ஒரு பவர் கேபிள் இழுத்துவிடுவேன். பக்கத்துக் கடையில் ஒரு பிளக் பாயின்ட் சும்மா இருக்கிறதே என்று கை போகும், போகக் கூடாது. இதிலேயே பத்தில் எட்டு ஹம் வராமல் போய்விடும். மிச்சத்துக்கு, கீபோர்டு, கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற டிஐ பாக்ஸ். அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ ஷீல்டை மட்டும் பிரிக்கும், பவர் எர்த்தைத் தொடாது. லேப்டாப், மொபைல் மாதிரியானவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டர். ஒரே சிக்னலை இரண்டு ஒயரில் கொண்டுபோகிற பேலன்ஸ்டு லைனில் ஹம் வந்தால், மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளின் ஒரு முனையில் மட்டும் ஒன்றாம் பின்னில் இருக்கும் ஷீல்டைக் கழற்றி ஒரு கேபிள் செய்து வைத்திருக்கிறேன். இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். அந்த அடையாளம் முக்கியம். தெரியாமல் அதைக் கண்டன்சர் மைக்குக்குப் போட்டால், அந்த மைக் வேலை செய்ய மிக்ஸர் தருகிற 48 வோல்ட் ஃபேண்டம் போகாது, மைக் செத்துவிட்டது என்று நினைத்து அரை மணி நேரம் தேடுவோம்.

அப்புறம் கேபிள் போடுகிற விதம். பவர் கேபிளையும் மைக் கேபிளையும் ஒன்றாகச் சுருட்டி ஒரே கயிற்றில் கட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் நீளம் கூடக் கூட இரைச்சல் ஏறும். மேடைக்கு இடது பக்கம் பவர், வலது பக்கம் சிக்னல். எங்கேயாவது ஒன்றை ஒன்று தாண்டித்தான் போக வேண்டுமென்றால் குறுக்கே, சிலுவை மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில சமயம் மிக்ஸர் பெட்டியையோ லேப்டாப்பையோ புறங்கையால் தடவினால் மெல்ல விறுவிறுக்கும், எறும்பு ஊர்வது மாதிரி. மீட்டர் வைத்தால் எர்த்துக்கும் பெட்டிக்கும் நடுவே 110 வோல்ட் பக்கம் காட்டும். இப்போது வருகிற சுவிட்சிங் சப்ளைகளில் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குச் சின்னக் கபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லையென்றால் பெட்டி இரண்டுக்கும் நடுவே, 230-இல் பாதியில், தொங்கிக்கொண்டிருக்கும். அந்த விறுவிறுப்பு ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த லைனில் எர்த் இல்லை என்று கத்திச் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு "லேசாத்தான் இருக்கு, விடு" என்று போகக் கூடாது.

இப்போது ஒரு ஊருக்குப் போனால் வண்டியிலிருந்து பாக்ஸ் இறக்குவதற்கு முன்னால் கரண்ட் எங்கிருந்து தருகிறார்கள் என்று பார்க்கப் போவேன். சித்தப்பா சொல்லுவார்: "மக்கா, ஊருக்குப் போனா முதல்ல கரண்டைப் பாரு, அப்புறம் சாயா குடி, கேட்டியா." மீட்டரில் மூன்று அளவு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். கடைசி அளவு பத்து, இருபது என்று ஏறினால் நியூட்ரலில் எங்கோ கோளாறு அல்லது எர்த்தே இல்லை.

இந்த மூன்றும் சரியாக இருந்தாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மீட்டர் கரண்ட் இழுக்காது. நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற எர்த்துகூட 230 காட்டும். பழைய ஆட்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டு எரிகிறதா என்று பார்ப்பார்கள். நானும் செய்திருக்கிறேன், இப்போது விட்டுவிட்டேன். எர்த் மோசமாக இருந்தால், பல்பைப் போட்டிருக்கும் அந்த நேரம் அந்த எர்த்தோடு சேர்ந்த எல்லா இரும்பிலும் கரண்ட் ஏறி நிற்கும். பக்கத்து வீட்டில் யாராவது கிரைண்டரில் மாவு அள்ளிக்கொண்டிருப்பார்கள். அதுபோலவே, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறது என்பதும் எர்த்துக்குச் சாட்சி இல்லை. அந்தப் பட்டன் உள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் ஒயரே இல்லாத போர்டிலும் அது விழும். ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் அந்தப் பட்டன்; ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தடவை அமுக்குவேன்.

எர்த்தில் சந்தேகம் வந்தால் நாங்களே ஒரு செம்பு பூசிய கம்பியை மண்ணில் அடித்து, எங்கள் போர்டின் எர்த்தை முழுக்க அதில் சேர்த்துவிடுவோம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் சுமாரான எர்த் கம்பிகூட ஆளைக் காப்பாற்றும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் காய்ந்த மணலில் நான்கு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். குலசேகரம் பக்கம் மண் எப்போதும் ஈரம், அந்தக் கவலை இல்லை.

நியூட்ரலைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கைக்காசு அதிகம் போனது அதில்தான். ஒரு அம்மன் கோயில் கொடை, இரண்டாம் நாள். மூன்று ஃபேஸ் சப்ளை. ஒன்றில் சீரியல் செட், ஒன்றில் கடைகள், ஒன்றில் நாங்கள். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. புலவர் வீசுகோலை ஓங்கிய நேரம் மேடை லைட்டெல்லாம் பளீரென்று வெளுத்தது. எதிர்ப்பக்கம் கடைகளின் லைட் மங்கிச் சிவந்தது. நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் இரண்டு ஆம்ப்பின் சப்ளையும் டப் டப்பென்று வெடித்தன. கருகின வாடை பந்தல் முழுக்க.

மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் ஒயர் ஒன்றுதான். அது அறுந்தால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையிலுள்ள 400 சொச்சம் வோல்ட்டை எல்லா லோடும் பங்குபோட்டுக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கும் பக்கம் வோல்ட் ஏறும். அன்றைக்கு எங்கள் பக்கம் ஏறியது. காரணத்தைத் தேடினால், அலுமினிய சர்வீஸ் ஒயரையும் செம்பு ஒயரையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அலுமினியமும் செம்பும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்துவிடும். கடற்காற்று அடிக்கிற நம் மாவட்டத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். முறுக்கினது லூசாகும், சூடாகும், ஒருநாள் விட்டுவிடும். இரண்டையும் சேர்க்க அதற்கென்றே உள்ள பைமெட்டல் லக் கடையில் கிடைக்கிறது. என் போர்டின் வாசலில் இப்போது வோல்டேஜ் ரிலே ஒன்று இருக்கிறது. 270 தாண்டினால் வெட்டிவிடும். லைட் திடீரென்று வெளுத்தால் யோசிக்காமல் மெயினை அணைக்க வேண்டும் என்று பையன்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஃபியூஸ் கேரியர் வைத்திருப்பார்கள். அந்த ஃபியூஸ் போனால் லைட் எரியாது, ஆனால் ஃபேஸ் உள்ளே வந்து நிற்கும். அப்படிப்பட்ட போர்டிலிருந்து நான் கரண்ட் எடுப்பதில்லை.

ஒயர் கனத்தை அநேகம் பேர் கணக்கில் எடுப்பதே இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 50 மீட்டர் இழுத்தால் போக வர 100 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 12 வோல்ட் பக்கம் தின்றுவிடும். அதுவே 2.5 என்றால் 7 வோல்ட், 4 என்றால் நாலரை வோல்ட் பக்கம். தின்ற வோல்ட் எங்கேயும் போகவில்லை, ஒயரில் சூடாக இருக்கிறது. பாஸ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மேடை பல்பு மினுங்கினால் ஒயர் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மெயின் லைனுக்கு 4-க்குக் குறைவாக நான் இழுப்பதில்லை.

டிரம்மில் சுற்றின எக்ஸ்டென்ஷனில் வேண்டியது 10 மீட்டர்தான் என்றாலும் முழுவதையும் அவிழ்த்துப் போட வேண்டும். சுற்றியே கிடந்தால் உள்சுற்றில் இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை. தக்கலை பக்கம் ஒரு கல்யாணத்தில் லைட்காரர்களின் டிரம் ஒன்றைக் காலில் தட்டினபோது அது சுழலவே இல்லை. உள்ளே ஒயரெல்லாம் ஒன்றோடொன்று உருகி வெல்லப்பாகு மாதிரி ஒட்டிப்போயிருந்தது.

ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் நிகழ்ச்சி என்றால் எனக்கு மழையைவிடக் காற்றுதான் பயம். கணவாயில் அந்தக் காற்றை நம்பித்தானே காற்றாலைகளே நிற்கின்றன. தென்னைக்கும் பந்தலுக்கும் நடுவே தொங்குகிற கேபிள் ராத்திரி முழுக்க ஆடும். ஆடுகிற கேபிள் தகரக் கூரையின் விளிம்பில் உரசினால் இரண்டு நாளில் உறை அறுந்து பந்தல் தகரம் முழுக்க கரண்ட் ஏறும். கேபிளைத் தகரத்தின் மேல் எங்கேயும் படவிடுவதில்லை. கூரை தாண்ட வேண்டிய இடத்தில் பிவிசி பைப்பை நீளமாக இரண்டாகப் பிளந்து விளிம்பில் மாட்டி அதன்மேல் விடுவோம். கேபிளின் பாரம் கயிற்றில் இருக்க வேண்டும், பிளக்கில் இருக்கக் கூடாது.

மழைக்கு, ஜாயின்ட் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் மழையை எதிர்பார்த்தே கேபிள் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரை இறுகச் சுற்றி டேப் அடித்தால் உள்ளேயே வியர்த்து நனைந்துவிடும். உயரத்தில் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் திறந்து விட்டால் போதும். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால், அதன்மேல் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மெயின் ஜாயின்ட்டுக்கெல்லாம் நீலக் கலர் இண்டஸ்ட்ரியல் பிளக்குக்கு மாறிவிட்டேன். மூடி போட்டது, இழுத்தால் கழன்றுவராது. விலை கூடத்தான். ஒரு ஆம்ப் கருகுவதைவிட அது மலிவு.

கடலோர நிகழ்ச்சி முடிந்து வந்தால் கேபிள் முனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். செம்பு பச்சையாகியிருந்தால் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முனை போடுவோம். இழைகள் சிதறாமல் இருக்க ஈயம் பற்றவைத்து ஸ்குரூவில் இறுக்குகிறவர்கள் உண்டு; நானும் அப்படித்தான் படித்தேன். அது தப்பு. ஈயம் மிருதுவானது. இறுக்கின இடத்தில் நாளாக நாளாக நசுங்கி விலகும், ஸ்குரூ தானாக லூசாகும், அங்கே சூடு பிடிக்கும். அதற்குப் பதில் குழல் மாதிரி இருக்கும் ஃபெரூலைப் போட்டு அழுத்திவிட வேண்டும்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் எல்லா நிகழ்ச்சியும் ஜெனரேட்டரில்தான். அப்போதுதான் ஒரு விஷயம் எனக்குத் தெளிந்தது. வாடகைக்கு வருகிற பல ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்படியிருந்தால் ஃபேஸ் ஆம்ப் பெட்டியில் ஒட்டினாலும் கசிகிற கரண்ட் திரும்பிப்போக வழியில்லை. என் ஆர்சிசிபி பொம்மை மாதிரி சும்மா இருக்கும். அடுத்த கோளாறு இன்னொரு இடத்தில் வரும்போதுதான் அடி விழும். நியூட்ரலையும் ஜெனரேட்டர் உடலையும் ஓரிடத்தில் சேர்த்து எர்த் கம்பியில் கட்டியிருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இதை நாமே திறந்து செய்யக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, சூடாகி, மீட்டரில் 230 நிலையாக நின்ற பிறகுதான் லோடு. டீசல் தீரும்வரை லோடோடு ஓடவிடவும் கூடாது; சாகும்போது வோல்ட் தள்ளாடும்.

மிக்ஸருக்குத் தனியாகப் பவர் சப்ளை பெட்டி வருகிற மாடல் ஒன்று என்னிடம் ரொம்ப காலம் இருந்தது. பல பின் உள்ள கேபிள், முனையில் திருகுகிற வளையம். அதில் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, 15 முதல் 18 வோல்ட். கூடவே ஃபேண்டமுக்கு 48. முதலில் அந்தக் கேபிளை இரண்டு பக்கமும் சொருகி, வளையத்தை முழுக்கத் திருகி, கடைசியில்தான் சப்ளையை ஆன் பண்ண வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் பிளஸும் மைனஸும் ஒரே நேரத்தில் போகாது. ஒன்று முந்தினால் மிக்ஸர் வெளியே ஒரு பெரிய அடியைத் தள்ளும். ஒரு தம்பி அவசரத்தில் உருவினான். இரண்டு ஹார்ன் டிரைவரின் டயாபிரம் போயிற்று. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வரிசையை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மிக்ஸர், எஃபெக்ட், கிராஸ்ஓவர் முதலில்; ஆம்ப்கள் கடைசியில், ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சுவிடும் நேரம் கொடுத்து. எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் போட்டால் முதல் இழுப்பிலேயே எம்சிபி விழும். அணைக்கும்போது ஆம்ப் முதலில். அணைத்த ஆம்ப்பின் மூடியை உடனே திறக்கக் கூடாது, கபாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

சின்ன அடாப்டர்களுக்கு வோல்ட், ஏசியா டிசியா, நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா, ஆம்பியர் போதுமா என்று நான்கும் பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும். முனை பொருந்துகிறது என்பதால் அடாப்டர் பொருந்திவிடாது. கிட்டார் பெடல்களில் அநேகமாக நடுவில் மைனஸ், வேறு சாமான்களில் நடுவில் பிளஸ். எங்கள் பெட்டியில் ஒவ்வொரு அடாப்டரிலும் அது எந்தச் சாமானுடையது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

சாமான்களுக்கு பவர் கொடுக்கிற பவர்கான் பிளக்கில் நீலம் உள்ளே வருவது, சாம்பல் வெளியே போவது. பழைய வகையை லோடு ஓடும்போது உருவக் கூடாது, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான். பாக்ஸுக்குப் போகும் ஸ்பீக்கர் கேபிளுக்குப் பதில் கிட்டார் கேபிளைப் போடுவது இன்னும் நடக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி ஜாக் என்பதால் வரும் தப்பு. நான் எல்லாவற்றையும் ஸ்பீக்கருக்கென்றே உள்ள ஸ்பீக்கான் பிளக்குக்கு மாற்றிவிட்டேன். தெரு முழுக்கக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரின் 100 வோல்ட் லைனும் கையை வைக்கிற லைன் இல்லை. பாட்டு ஓடும்போது அதில் பிள்ளைகள் கை எட்டுகிற உயரத்தில் ஜாயின்ட் விடக் கூடாது.

எல்லாம் ஆன் ஆன பிறகு, பாடுகிறவர்கள் வருமுன், இன்னொரு வேலை இருக்கிறது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையில், மறு முனையை கிட்டார் கம்பியில் வைப்பேன். அப்புறம் மைக்குக்கும் கீபோர்டு ஸ்டாண்டுக்கும், மைக்குக்கும் பந்தல் இரும்புக்கும். ஒவ்வொரு மைக்காக. ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் காட்டினால் காரணம் தெரியும்வரை நிகழ்ச்சி தொடங்காது. கமிட்டிக்காரர்கள் அவசரப்படுத்தினாலும் சரி. மற்ற வேலைகளையெல்லாம் பையன்களிடம் விட்டுவிட்டேன். இந்த அளவை மட்டும் இன்னும் நானே எடுக்கிறேன்.